மாப்பிள்ளை பேரில் ஒரு வீடு

சூடான ஜெராக்ஸ் தாளுக்கு ஒரு வாசனை உண்டு. இஸ்திரி போட்ட துணிக்கும் கருகிய பிளாஸ்டிக்குக்கும் நடுவில் நிற்கிற வாசனை. போன வாரம் திருவானைக்காவலில் ஒரு கடையில் ஆதார் அட்டையை நகலெடுக்கக் கொடுத்துவிட்டு நின்றேன். கடைக்காரப் பெண் தாளை நீட்டினாள். கையில் வாங்கியதும் கால் தானாகவே சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டு போகிற ஒண்ணாம் நம்பர் பஸ்ஸைத் தேடியது. இன்றைக்குக் கோர்ட் இல்லை, இனி என்றைக்கும் இல்லை என்று அந்தக் காலுக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

எட்டு வருடம். கோர்ட் வாசலில் இருந்த ஜெராக்ஸ் கடையில், வெயிலானாலும் மழையானாலும், சூடு ஆறாத தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். மூன்று செட், ஐந்து செட், எதிர்தரப்புக்கு ஒரு செட். ஒவ்வொரு நகலிலும் அதே வீட்டின் அதே பத்திரம். நகலெடுக்க எடுக்க எழுத்துகள் வெளுத்துக்கொண்டே வந்தன.

நானும் என் கணவரும் பிரிவதற்கு ஒன்றரை வருடம் போதுமானதாக இருந்தது. இரண்டு பேரும் ஒத்துக்கொண்டோம், கையெழுத்துப் போட்டோம், முடிந்தது. பதினோரு வருடக் கல்யாணம் ஒரு முற்பகலில், மதிய உணவு இடைவேளைக்கு முன்னால், முடிந்தது. ஆனால் ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக்கரைப் பக்கம் நின்ற அந்தச் சின்ன வீடு மட்டும் முடியவில்லை. செங்கல்லுக்கு மனிதர்களைவிடப் பிடிவாதம் அதிகம்.

வீடு அவர் பேரில் இருந்தது. கட்டியது என் அப்பா.

அப்பா துவாக்குடி பக்கம் ஒரு பட்டறையில் ஃபிட்டராகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர். கே.கே. நகரில், அங்கே முள்ளும் ஓணானும் மட்டும் இருந்த காலத்தில், ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தார். என் கல்யாணத்துக்குப் பிறகு அதை விற்றார். அந்தப் பணத்தில் ஸ்ரீரங்கத்தில் இடம் வாங்கி, பதிவாபீஸில் மாப்பிள்ளையை உட்காரவைத்து, அவர் பேரிலேயே எழுதவைத்தார். "எதுக்குப்பா? என் பேரையும் சேத்துப் போட்டா என்ன?" என்று நான் கேட்டேன். அப்பா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. சபையில் ஏதோ கூடாத வார்த்தை பேசிவிட்டவளைப் பார்க்கிற பார்வை.

"பாப்பா, வீடுன்னா ஆம்பளை பேர்ல இருந்தாதான் நாலு பேர் மதிப்பாங்க. அவருக்கு மதிப்புன்னா உனக்கு மதிப்பு. விடு."

அதன் பிறகு ஒரு வருடம் அப்பா அந்த வீட்டைக் கட்டினார். கொத்தனாருக்கு முன்னால் வந்து நிற்பார். மாலையில் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு பச்சைச் சுவருக்குத் தண்ணீர் காட்டுவார், ஏதோ மாட்டைக் குளிப்பாட்டுகிறவர் மாதிரி. மணலும் கம்பியும் நிலைக்கதவும் அவரே போய்ப் பார்த்து வாங்கினார். கடையில் கேட்பார்கள்: "பில் யார் பேர்ல சார் போடறது?" அப்பா சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு சொல்வார்: "மாப்பிள்ளை பேர்ல போடுங்க." ஒரு தாழ்ப்பாளுக்குக்கூட அப்படித்தான். கிரகப்பிரவேசத்தன்று வந்தவர்களிடமெல்லாம், "மாப்பிள்ளை கட்டியிருக்கார், நல்லா இருக்கில்ல?" என்று கேட்டுக்கொண்டே பந்திக்கும் வாசலுக்கும் நடந்தார். யாரிடமோ அம்மா, "எல்லாம் இவர் போட்டதுதான்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டாள். அன்று இரவு அப்பா அவளிடம் பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை.

கொடுத்ததை வெளியே சொல்லக் கூடாது. பெண்ணைக் கொடுத்த வீட்டின் இலக்கணம் அது. பிற்காலத்தில் அந்த பில்களெல்லாம் ஒன்றுவிடாமல் எதிர்தரப்பின் சாட்சி ஆவணங்களாக வரிசையாக எண் போட்டுக் கோர்ட்டில் நுழைந்தபோது, அந்த இலக்கணத்துக்கு எவ்வளவு நீளம் என்று தெரிந்தது.

அம்மா வழக்குக்கு முன்பே போய்விட்டாள். ஆக, அந்த வீட்டுக்கு யார் பணம் போட்டது என்று கோர்ட்டில் எழுந்து நின்று சொல்ல உலகத்தில் மீதமிருந்தது ஒரே ஒரு வாய்தான். அப்பாவின் வாய்.

வக்கீலம்மா முதல் நாளே இதைச் சொன்னார். மேஜையில் டீ டம்ளரின் வட்டங்கள். அவற்றுக்கு நடுவே என் வழக்குக் கட்டு. "பேப்பர் எல்லாம் அவங்க பக்கம் இருக்கு. நம்ம பக்கம் உங்க அப்பாதான் இருக்கார். மகளுக்குச் சீரா கொடுத்த வீடு, மருமகன் பேர்ல எழுதினதால அது அவருதாகிடாதுன்னு நான் வாதாடலாம். ஆனா 'கொடுத்தேன்'னு அவர் சொல்லணும். சார் தெளிவாப் பேசுவாரா?"

"பட்டறையில நாப்பது பேரை மேய்ச்சவர்" என்றேன்.

"அப்ப சரி. சீக்கிரம் முடிச்சுருவோம்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அன்று அவருக்கும் தெரியாது.

வீட்டைப் பூட்டச் சொல்லி உத்தரவு வந்தது. இரண்டு தரப்பும் நுழையக் கூடாது, விற்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது, எது எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். கணவராக இருந்தவர் வேலையோடு சென்னைக்குப் போனார். நான் அப்பாவை அழைத்துக்கொண்டு கே.கே. நகரில் இரண்டாம் மாடியில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனேன். அப்பா விற்ற மனை அங்கிருந்து மூன்று தெரு. அதில் இப்போது யாரோ ஒரு டாக்டரின் வீடு.

பூட்டிய வீட்டின் முன்பக்கக் கொடியில் ஒரு துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. நான் துவைத்துக் காயப்போட்டு எடுக்க மறந்தது. பச்சை. ஸ்ரீரங்கம் போகும்போதெல்லாம் தெருவில் நின்று பார்ப்பேன். முதல் வருடம் பச்சையாகவே இருந்தது. பிறகு வாழைக்குருத்து நிறம். பிறகு சாம்பல். ஆடிக்காற்று ஒரு முனையைக் கிழித்தது. அது எது எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கவில்லை. உத்தரவு துண்டுக்குப் பொருந்தாது போலும்.

முதல் வருடம் நோட்டீஸ் திரும்பித் திரும்பி வந்தது. பிறகு கவுன்சிலிங். ஒரு குட்டி அறையில், சுவரில் ஒட்டிய ரோஜாப்பூ படத்தின் கீழே, "அட்ஜஸ்ட் பண்ணிக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டார்கள். கல்யாணத்தையா வீட்டையா என்று நான் கேட்கவில்லை. அடுத்து சமரச மையம். அதற்கு ஐந்து தேதி. ஐந்திலும் அவர் வக்கீல் மட்டும் வந்து, "கட்சிக்காரருக்கு லீவு கிடைக்கல" என்றார். பிறகு பதில் மனு தாக்கல் செய்ய அவகாசம். அவகாசத்துக்கு அவகாசம். நீதிபதிக்கு மாற்றல். புதிய நீதிபதி வர ஐந்து மாதம். வந்தவருக்குக் கட்டைப் படிக்க நேரம் வேண்டும். இடையில் வக்கீல்கள் புறக்கணிப்பு. செல்போனில் குறுஞ்செய்தி வரும், அடுத்த தேதியோடு. மொத்தம் ஒரு வரி. அந்த ஒரு வரியில் ஆறு வாரம் கரைந்துவிடும்.

அப்பாவுக்குச் சிரிப்பாக இருந்தது, ஆரம்பத்தில். "ஒரு ட்யூபை வளைச்சு, வெல்டு அடிச்சு, பிரஷர் பார்த்து, பெயிண்ட் பூசி லாரில ஏத்த எங்களுக்கு ஒன்பது நாள். இவங்களுக்கு ஒரு தேதி போடவே ஒன்றரை மாசமாடி?"

வராந்தா பெஞ்சில் எனக்கொரு தோழி கிடைத்தாள். பாலக்கரைப் பக்கத்து முஸ்லிம் அம்மா. கணவர் வளைகுடாவில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டவர். கட்டிய வீட்டில் பாதி கேட்டு வந்துகொண்டிருந்தாள். முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் நீட்டியபடி ஒருநாள் சொன்னாள்: "தங்கச்சி, நான் மொத மொத இங்க வந்தப்ப எம் மவ ஆறாப்பு. இப்ப அவளுக்கே கேஸ் போடற வயசு வந்திருச்சு. ஒரே வக்கீலா வச்சுக்கலாம்னு பாக்குறேன்." சிரித்தோம். சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வராந்தாவில் சிரிப்பது செருப்பு போட்டுக்கொண்டு கோவிலுக்குள் போவது மாதிரி.

மூன்றாம் வருடம் அப்பா தன் வாக்குமூலத்தில் கையெழுத்திட்டார். எல்லாம் தெளிவாக இருந்தது: மனை விற்றது, இடம் வாங்கியது, சுவருக்குத் தண்ணீர் விட்டது வரை. "இனி எதிர்தரப்பு குறுக்கு விசாரணை பண்ணிட்டா சாரோட சாட்சி முழுசாயிரும். அது ஆகாத வரைக்கும் இந்தப் பேப்பருக்கு உயிர் இல்லை" என்றார் வக்கீலம்மா. அடுத்த மாதம் கொரோனா வந்து ஊரே கதவைச் சாத்திக்கொண்டது.

கதவு திறந்தபோது அப்பாவுக்குள் எங்கோ ஒரு கதவு சாத்திக்கொண்டிருந்தது.

முதலில் சின்னச் சின்னதாக. டீயில் இரண்டு தரம் சர்க்கரை. பேப்பரைத் தலைகீழாக வைத்துக்கொண்டு, "என்ன எழுதறானுங்க, ஒண்ணும் புரியல." பிறகு ஒரு காலை, மூன்று தெரு தள்ளி, டாக்டர் வீட்டு வாசலில் நின்று அந்த வீட்டம்மாவிடம், "யாரும்மா நீங்க, எங்க மனையில கட்டிக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறார். நல்ல மனுஷி. நாற்காலி போட்டு உட்காரவைத்து எனக்கு போன் செய்தார். அவர்தான் ஒரு டாக்டரைப் பார்க்கச் சொன்னார், தன் கணவரை இல்லை, மூளை நரம்புக்குப் பார்க்கிற வேறு ஒருவரை. நினைவு போகிற நோய் என்றார்கள். மெதுவாகப் போகும் என்றார்கள். எது மெதுவாக என்று எனக்கு அப்போதே கணக்கு ஓடியது. அப்பா முதலில் போவாரா, தேதி முதலில் வருமா.

வக்கீலம்மா ஒரு மனு போட்டார். சாட்சிக்கு வயதாகிவிட்டது, உடம்பு சரியில்லை, கோர்ட் சார்பில் கமிஷனர் ஒருவரை வீட்டுக்கு அனுப்பிச் சீக்கிரம் விசாரித்துவிடுங்கள் என்று. சீக்கிரம் கேட்டுப் போட்ட அந்த மனு பதினோரு மாதம் நடந்தது. எதிர்தரப்பு ஆட்சேபணை. ஆட்சேபணைக்கு பதில். மருத்துவச் சான்று. சான்று கொடுத்தவரை விசாரிக்க வேண்டும் என்று இன்னொரு மனு. அதற்குப் பயந்துதான் வக்கீலம்மா எல்லாவற்றையும் வாபஸ் வாங்கினார். "நினைவு இல்லைன்னு நாமே நிரூபிச்சுட்டா, அப்புறம் அவர் சொல்றதுக்கு மதிப்பு எங்கம்மா? நல்லா இருக்கிற ஒரு நாள்ல கூண்டுல ஏத்திருவோம்."

நல்லா இருக்கிற ஒரு நாள். அதற்காக நான் அப்பாவைத் தயார் செய்தேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கு முன்னாலும், காலையில், இட்லித் தட்டோடு உட்கார்ந்து கேட்பேன்.

"வீட்டுக்கு யார் பணம் போட்டது?"

"நான்தான்."

"ஏது பணம்?"

"மனை வித்தது." கொஞ்சம் யோசித்து, "ஏன் பாப்பா, உனக்குத் தெரியாதா?"

"யாராவது கேட்டா சொல்லணும்பா."

"யார் கேப்பா? கேக்கறவன் என்ன மனுஷன்?"

காவிரிப் பாலத்தை மராமத்துக்காக மூடியிருந்த மாதங்களில், ஸ்ரீரங்கத்து வீட்டைப் பார்க்கணும் என்று அவர் அடம்பிடித்தால் ஆட்டோ சுற்றிக்கொண்டு போகும். வழியெல்லாம் கேள்விகளைக் கேட்டுக்கொண்டே போவேன். தெருவில் இறங்கி, பூட்டைப் பார்த்து, "சாவி எங்க வச்ச?" என்பார். கொல்லையில் ஒரு கொய்யா நட்டிருந்தார். அது காம்பவுண்டுக்கு மேலே தலை நீட்டிப் பழுத்து, யாருக்கும் இல்லாமல் உதிர்ந்து கிடந்தது. "உள்ள போயி கொஞ்சம் படுக்கறேன் பாப்பா, முழங்கால் வலிக்குது" என்பார். இரண்டாம் மாடி ஏறி ஏறித் தேய்ந்த முழங்கால். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான், தரையோடு ஒரு அறை, படியில்லாத ஒரு வாசல். அதைத்தான் அவர் கட்டியிருந்தார். அதைத் திருப்பி வாங்கத்தான் நான் எட்டு வருடமாகத் தாள்களைத் தூக்கிக்கொண்டிருந்தேன்.

பதில்கள் சுருங்கிக்கொண்டே வந்தன. "நான்தான்" என்பது மட்டும் தேறியது. அதுவும் சில நாள் "நானா?" ஆயிற்று. ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டு அழுதார். "என்னை ஏம்மா பரிச்சை வைக்கிற?" அன்றோடு நிறுத்தினேன். இல்லை, பொய். அடுத்த வாய்தாவுக்கு மறுபடி கேட்டேன்.

எட்டாம் வருடம், பங்குனி வெயிலில், அழைப்பு வந்தது. கிளார்க் பேரைச் சொல்ல, வாசலில் நின்றவர் மூன்று முறை உரக்கக் கூவினார். அப்பா அன்று நன்றாக இருந்தார். தானே சவரம் செய்திருந்தார், காலர் பட்டன் வரை போட்டிருந்தார். கூண்டில் ஏறி நின்று நீதிபதிக்கு வணக்கம் சொன்னார். பேர், வயது, செய்த வேலை எல்லாம் சரியாகச் சொன்னார். வக்கீலம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

அவர் எதிர்ப்பக்கம் நின்றிருந்தார், என்னுடைய முன்னாள் கணவர். நரைத்திருந்தார். அப்பாவின் கண் அவர்மேல் விழுந்தது. முகம் மலர்ந்தது. கிரகப்பிரவேசத்தன்று பார்த்த அதே மலர்ச்சி.

எதிர்தரப்பு வக்கீல் வயதானவர், சத்தம் போடாதவர். மணல் பில்லை எடுத்துக் காட்டினார். "ஐயா, இதுல யார் பேர் இருக்கு?"

"மாப்பிள்ளை பேரு."

"கதவு பில்லு?"

"மாப்பிள்ளை பேருதான். நான்தான் போடச் சொன்னேன்." வக்கீலம்மா அதைக் குறித்துக்கொண்டார்.

"நீங்கதான் போடச் சொன்னீங்க. சரி. அப்ப இந்த வீட்டைக் கட்டினது யாருங்க?"

அப்பா நிமிர்ந்து நின்றார். சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, பந்தியில் சொன்ன அதே குரலில், சொன்னார்: "எங்க மாப்பிள்ளை கட்டினாரு. நல்லா இருக்கில்ல?"

டைப் அடிக்கிற சத்தம் கேட்டது.

வக்கீலம்மா எழுந்து மறு விசாரணைக்கு அனுமதி வாங்கினார். வாக்குமூலத்தைக் காட்டி, "ஐயா, இது உங்க கையெழுத்துதானே? பணம் கொடுத்தது நீங்கன்னு இதுல சொல்லியிருக்கீங்களே?" என்றார். அப்பா தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். கொஞ்சம் குனிந்து, கூண்டின் கட்டைமேல் சாய்ந்து, வக்கீலம்மாவுக்கு மட்டும் சொல்வது போலச் சொன்னார்: "அதெல்லாம் வெளியில சொல்றது மரியாதை இல்லம்மா."

நீதிபதி ஒரு கணம் பேனாவை நிறுத்தினார். பிறகு, சாட்சி பதில் சொல்லவில்லை என்று எழுதவைத்தார்.

அப்பா மறந்துபோய்ச் சொன்னாரா, மறக்காமல் சொன்னாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. மூளையில் எல்லாம் அழிந்த பிறகும் வருடக்கணக்காக வாயால் சொல்லிச் சொல்லிப் பழகியது மட்டும் எஞ்சும் என்று டாக்டர் சொன்னார். உண்மையை அவர் வக்கீலம்மாவிடமும் என்னிடமும் மட்டும்தான் சொல்லியிருப்பார், அதுவும் நாங்கள் கேட்டதால். பொய்யை ஊருக்கெல்லாம் சொன்னார். மூன்றாம் வருடமே விசாரித்திருந்தால், நாலாம் வருடம், ஐந்தாம் வருடம் என்று பல ராத்திரி எண்ணிப் பார்த்திருக்கிறேன். தீர்ப்பு அதற்குப் பிறகு ஏழு மாதம் கழித்து வந்தது. எனக்கு எதிராக. மேல்முறையீடு செய்யலாம் என்றார் வக்கீலம்மா. எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டேன். அவர் டீ டம்ளரை நகர்த்தினார். தீர்ப்பு வந்தபோது அப்பாவுக்கு வீடு என்றால் என்னவென்றே தெரியாது. இந்த வருடம் அவரும் இல்லை.

ஆனால் அந்தப் பங்குனி மதியம் இருந்தார். கூண்டிலிருந்து இறக்கிக் கைப்பிடித்து வெளியே கூட்டி வந்தேன். வராந்தாவின் மூன்று படிகளில் அப்பாவின் முழங்கால் மடங்கியது. எனக்கு முன்னால் ஒரு கை வந்து அவரைத் தாங்கியது. அவர்தான். "பாத்து இறங்குங்க மாமா" என்றார். என் பக்கம் திரும்பவில்லை. உதடு வறண்டிருந்தது. ஜெயித்தவர் முகம் அப்படி இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

அப்பா அந்தக் கையை விடவில்லை. "பாப்பா, வந்தவருக்கு ஒரு காப்பி கொடுக்காம அனுப்பறியே, என்ன பழக்கம் இது?" என்று என்னைக் கடிந்துகொண்டார்.

"இருக்கட்டும் மாமா. ட்ரெயினுக்கு நேரமாச்சு."

"புள்ளைங்க நல்லா இருக்காங்களா?" எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் தலையாட்டினார். அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல், தன் கையிலிருந்து எடுத்தார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். இரண்டடி போய் நின்று திரும்பினார்.

"வரேன் மாமா."

"போயிட்டு வாங்க மாப்பிள்ளை" என்றார் அப்பா. "உங்க வீடு. எப்ப வேணாலும் வாங்க."